வெங்காயத்துக்குக் கந்தகம் வந்த வழி

வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகத்தின் வேலை. நறுக்கும்போது கண்ணைக் கரிக்கும் ஆவி, எண்ணெயில் வதங்கும்போது வீடெங்கும் பரவும் வாசனை, பச்சையாகக் கடித்தால் நாக்கில் ஏறும் உறைப்பு மூன்றுமே கந்தகம் கலந்த கரிமச் சேர்மங்களால் வருபவை. அந்தக் கந்தகத்தைப் பயிர் மண்ணிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். மண்ணில் சல்பேட்டாகக் கரைந்திருப்பதை வேர் உறிஞ்சுகிறது. இலை அதைச் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமாக மாற்றுகிறது. அதிலிருந்து காரத்துக்கான மூலப்பொருள்கள் உருவாகிக் காய்க்குள் இறங்கிச் சேர்கின்றன. ஆகவே ஒரு வயலின் வெங்காயம் எவ்வளவு திரண்டு வரும், எவ்வளவு காரமாக இருக்கும், இருப்பு வைக்கும் பட்டறையில் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விகளில் விதை, பருவம், பாசனம் ஆகியவற்றோடு மண்ணின் கந்தகத்துக்கும் பங்கு உண்டு.

இந்தப் பங்கு வெகுகாலம் யார் கவனத்துக்கும் வரவில்லை. எருவோடும் மழையோடும், பிறகு வேறு சத்துக்காக வாங்கிய உர மூட்டையோடும் கந்தகம் கேட்காமலே வயலுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி வருவது குறைந்த பிறகே அது ஒரு தனி உரமாகப் பெயர் பெற்றது.

வெங்காயக் குடும்பத்தின் வாசனையில் கந்தகம் இருக்கிறது என்பதை வேதியியலார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுகொண்டார்கள். தியோடர் வெர்ட்ஹைம் 1844இல் பூண்டை நீராவியில் வடித்து, அதன் நெடியுள்ள எண்ணெயில் கந்தகச் சேர்மம் இருப்பதைக் காட்டினார். 1892இல் செம்லர் பூண்டு எண்ணெயையும் வெங்காய எண்ணெயையும் ஆராய்ந்து, இரண்டிலும் இருப்பவை நெருங்கிய உறவுள்ள, ஆனால் வேறுவேறான கந்தகச் சேர்மங்கள் என்றார். ஆயினும் இவர்கள் கையில் கிடைத்தது சூடேற்றி வடித்த எண்ணெய். உரிக்காத வெங்காயத்துக்கு மணமே இல்லையே, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இன்னும் அரை நூற்றாண்டு நின்றது.

விடை பூண்டிலிருந்து தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஸ்டோல், சீபெக் என்ற இருவர் 1948இல் பூண்டிலிருந்து மணமற்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு அல்லின் எனப் பெயரிட்டனர். அது ஒரு நொதியைச் சந்தித்த நொடியில் மணமுள்ள அல்லிசினாக மாறியது. வெங்காயத்தில் இதே வேலையைப் பின்லாந்தின் ஆர்த்துரி விர்த்தானன் எடுத்துச் செய்தார். மாட்டுத் தீவனத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைக்காக 1945இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். 1960களின் தொடக்கத்தில் அவரது ஆய்வுக்கூடம் கண்ணீர் வரவழைக்கும் ஆவியின் மூலப்பொருளைப் பிரித்தது. 1981இல் லங்காஸ்டர், காலின் இருவரும் அந்த மூலப்பொருள் உயிரணுவின் ஓர் அறையிலும் நொதி மற்றோர் அறையிலும் இருப்பதைக் காட்டினர். 2002இல் ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்ணீர் ஆவியை உண்டாக்குவதற்கென்றே இன்னொரு நொதி இருப்பதாக அறிவித்தார்கள்.

இத்தனை பேர் கண்டதைச் சேர்த்துப் பார்த்தால் வெங்காயத்தின் ஓர் உயிரணுவுக்குள் நடப்பது தெரியும். காரத்தின் மூலப்பொருள்கள் அணுவின் கூழில் கரைந்து மணமின்றிக் கிடக்கின்றன. அவற்றை உடைக்கும் அல்லினேஸ் நொதி நடுவிலுள்ள நீர்ப்பையில் அடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. கத்தியோ பூச்சியின் வாயோ பூஞ்சையின் இழையோ அந்தச் சவ்வைக் கிழித்தால் இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் சல்பெனிக் அமிலங்களும் பைருவிக் அமிலமும் அம்மோனியாவும் உருவாகின்றன. அந்தச் சல்பெனிக் அமிலங்களில் ஒரு பகுதியை இரண்டாம் நொதி கண்ணீர் ஆவியாக மாற்றுகிறது. மீதி, நுண்ணுயிர்களை ஒடுக்கும் சேர்மங்களாகிறது. மனிதருக்குச் சுவையாகத் தெரிவது வெங்காயத்துக்குக் காவல். மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் இனிப்பும் நீரும் நிறைந்து கிடக்கும் ஒரு காய்க்கு இத்தகைய காவல் தேவைதான்.

சேமிப்பு என்ற இன்னொரு பணியும் இந்தச் சேர்மங்களுக்கு உண்டு. விர்த்தானன் வெங்காயத்தில் கண்ட குளூட்டமைல் பெப்டைடுகளில் கந்தகமும் தழைச்சத்தும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கின்றன. மறு பருவத்தில் முளை கிளம்பும்போது காய் அவற்றை அவிழ்த்துப் பயன்படுத்துகிறது. விதை வெங்காயம் முளைவிடத் தொடங்கியதும் சுவை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயலில் இடும் கந்தகத்துக்கும் காய்க்குள் ஏறும் காரத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து பார்க்க முதலில் ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பிளாட்டினியஸ் 1930களில் வெங்காயத்தின் ஆவியாகும் கந்தகத்தை அளக்கும் முறை ஒன்றை வகுத்து, 1941இல் காரத்தை மாற்றும் காரணிகளைப் பற்றி எழுதினார். வெப்பமும் மண்ணும் ரகமும் காரத்தை மாற்றுவது அதில் தெரிந்தது. அந்த முறை கடினமானது. நாளொன்றுக்குச் சில மாதிரிகளுக்கு மேல் பார்க்க இயலாது. 1961இல் கலிபோர்னியாவில் ஷ்விம்மரும் வெஸ்டனும் வழியைச் சுலபமாக்கினர். காரம் உருவாகும்போதெல்லாம் கூடவே பைருவிக் அமிலமும் உருவாகிறது. அதை அளந்தால் காரத்தை அளந்ததாகும். இன்றும் ஒரு வெங்காயம் காரமா சாதுவா என்பதை ஆய்வுக்கூடங்கள் பைருவிக் அமிலக் கணக்கில்தான் சொல்கின்றன.

அளவுகோல் கிடைத்ததும் சோதனைகள் பெருகின. 1970இல் ஃப்ரீமனும் மொசாதேகியும் சல்பேட்டின் அளவை மாற்றி மாற்றி வெங்காயம் வளர்த்தனர். சல்பேட்டைக் குறைத்த செடிகளின் காயில் வாசனைப் பொருள்கள் வெகுவாகக் குறைந்தன. கூட்டக் கூட்ட ஏறின. ஓர் அளவுக்குப் பின் எவ்வளவு கூட்டினாலும் ஏறவில்லை. 1990களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராண்டில் பல ரகங்களை எடுத்து இதை விரிவாகத் தொடர்ந்தார். ஒரே அளவு கந்தகம் கொடுத்தாலும் ரகத்துக்கு ரகம் காரம் ஏறும் விதம் வேறுபட்டது. காரத்தின் வரம்பை ரகம் வகுக்கிறது. அந்த வரம்புக்குள் எவ்விடத்தில் நிற்பது என்பதை மண் தீர்மானிக்கிறது.

ஜார்ஜியாவில் இந்த ஆராய்ச்சி நடந்ததற்கு ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. அம்மாநிலத்தின் டூம்ஸ் மாவட்டத்தில் மோஸ் கோல்மன் என்ற விவசாயி 1931இல் வெங்காயம் போட்டார். காரம் எதிர்பார்த்து அறுத்தவருக்குக் கிடைத்தது தித்திக்கும் வெங்காயம். விற்கச் சிரமப்பட்டாலும், கடைசியில் 50 பவுண்டு மூட்டை மூன்றரை டாலருக்குப் போயிற்று. அந்தக் காலத்துக்கு அது பெரிய விலை. பக்கத்து விவசாயிகளும் போட்டார்கள். 1940களில் விடாலியா ஊரில் அரசு சந்தை ஒன்று எழுந்தது. அவ்வழியே போன பயணிகள் வாங்கிப்போய்ப் பெயர் பரப்பினார்கள். 1986இல் மாநில அரசு சட்டமே இயற்றி, குறித்த மாவட்டங்களில் விளைந்ததை மட்டுமே விடாலியா வெங்காயம் என விற்கலாம் என்றது.

அந்த மண்ணில் தித்திப்புக்குக் காரணமாக ஒன்றும் கூடுதலாக இல்லை. கந்தகம் குறைவு, அவ்வளவுதான். மணற்பாங்கான நிலம், அடிக்கடி பெய்யும் மழை சல்பேட்டைக் கீழே இழுத்துப் போய்விடும். சாதாரண வெங்காயத்திலும் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவு உண்டு; காரம் அதை மறைக்கிறது. காரம் இறங்கினால் இனிப்பு மேலே வருகிறது. ஆனால் அங்குள்ள விவசாயிகள் கந்தகத்தை அடியோடு விட்டுவிடவில்லை. நாற்று நட்ட தொடக்கத்தில் கந்தகம் இல்லாவிட்டால் செடி வளராது, மகசூல் விழும். அதனால் இளம்பயிருக்குக் கொடுத்துவிட்டு, காய் திரளுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் முறையை வகுத்தார்கள். வளர்ச்சிக்கு வேண்டிய கந்தகம் வேறு, காரத்துக்குப் போய்ச் சேரும் கந்தகம் வேறு என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய வயல் அது.

இனிப்புக்கு அவர்கள் ஒரு விலையும் கொடுத்தார்கள். விடாலியா வெங்காயம் நீர்ச்சத்து மிகுந்தது, தோல் மெலிந்தது, இருப்பு வைக்க முடியாதது. வசந்தத்தில் அறுத்தால் கோடைக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஆப்பிளுக்கென ஏற்பட்ட, காற்றின் ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் குளிர்கிடங்குகளை வெங்காயத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே மாதக்கணக்கில் வைத்து விற்க வழி பிறந்தது. மாறாக, உறைப்பும் உலர்பொருளும் மிகுந்த ரகங்கள் சாதாரணக் கொட்டகையிலேயே தாங்குகின்றன. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கும் பெரம்பலூர், திண்டுக்கல் விவசாயிகளுக்கு இது புதிய செய்தி ஆகாது. பல்லாரி எனப்படும் பெரிய வெங்காயம் சின்ன வெங்காயத்தின் அளவுக்கு இருப்பு நிற்காது என்பது அங்கே நெடுநாளைய அனுபவம்.

உரமாகக் கந்தகம் மண்ணுக்கு வந்த கதை வெங்காயத்தை விட்டு விலகி வேறிடத்தில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஜெர்மனியின் குப்பர்ட்செல் ஊர்ப் பாதிரியார் யோகான் மேயர், ஜிப்சத்தைப் பொடித்துத் தீவனப் பயிருக்குத் தூவச் சொல்லி ஊர் ஊராகப் பரப்பினார். பயிர் செழித்தது, ஏன் என்று தெரியவில்லை. ஜிப்சம் என்பது கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த கனிமம். மண்ணின்றி நீர்க்கரைசலில் செடி வளர்த்துப் பார்த்த சாக்ஸ், க்னோப் ஆகியோரின் 1860களின் சோதனைகளுக்குப் பிறகுதான் கந்தகம் இல்லாமல் எந்தச் செடியும் வாழாது என்பது உறுதியாயிற்று.

அதற்குள் கந்தகம் வேறொரு வாசல் வழியாகப் பண்ணைக்குள் நுழைந்துவிட்டது. இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ் 1842இல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். எலும்பிலும் பாறையிலும் கரையாமல் கிடந்த மணிச்சத்தைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துக் கரையும்படி செய்வது அவருடைய முறை. அமிலத்தோடு வினைபுரிந்த கால்சியம் ஜிப்சமாகி அந்தப் பொடியிலேயே தங்கிவிடும். மணிச்சத்துக்காக வாங்கிய மூட்டையில் ஏறக்குறைய பாதி ஜிப்சம். விவசாயி அதற்கென்று காசு கொடுக்கவில்லை, அது உள்ளே இருப்பதும் அவருக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்த உரம் முதலில் செய்யப்பட்டது தமிழ்நாட்டில். 1906இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் ஆண்டுக்கு 6000 டன் திறனுள்ள சூப்பர் பாஸ்பேட் ஆலையை நிறுவியது. நாட்டின் ரசாயன உரத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். அமிலத்துக்கு வேண்டிய கந்தகம் இந்திய மண்ணில் எடுக்கத்தக்க அளவில் கிடைப்பதில்லை, அன்று அது இறக்குமதிதான். உலகத்துக்கே கந்தகம் 19ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சுரங்கங்களிலிருந்து போயிற்று. 1890களில் ஹெர்மன் ஃப்ராஷ், அமெரிக்காவின் லூசியானாவில் சுடுநீரைக் குழாய் வழியே நிலத்துக்கடியில் செலுத்திக் கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தபின் சிசிலியின் ஆதிக்கம் முடிந்தது.

அடுத்து வந்தது அம்மோனியம் சல்பேட். தழைச்சத்துக்காக இட்ட இந்த உரத்தில் தழைச்சத்தை விடக் கந்தகமே எடையில் அதிகம்: தழைச்சத்து 20.5 விழுக்காடு, கந்தகம் 23 விழுக்காடு. கேரளத்தின் ஆலுவாவில் ஃபாக்ட் நிறுவனம் 1947இல் இதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1951இல் அன்றைய பீகாரின் சிந்திரியில் இயங்கத் தொடங்கிய பொதுத்துறை ஆலை ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன் அம்மோனியம் சல்பேட் செய்யும் திறனோடு அமைந்தது. அதற்குச் சல்பேட்டைக் கொடுத்தது ஜிப்சம். 1950களிலும் 60களிலும் ரசாயன உரம் என்றாலே பெரும்பாலும் அம்மோனியம் சல்பேட்டும் சூப்பரும்தான். இரண்டிலும் கந்தகம்.

சின்ன வெங்காயத்துக்கான பரிந்துரை ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டால் இதன் அளவு விளங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து சொல்கிறது. தழைச்சத்தில் பாதி அடியுரம், மீதி 30ஆம் நாள் மேலுரம். ஏக்கருக்கு மணிச்சத்து 24 கிலோ. 16 விழுக்காடு மணிச்சத்துள்ள சூப்பரில் இதைக் கொடுக்க 150 கிலோ வேண்டும். 50 கிலோ மூட்டையில் மூன்று. அந்த மூன்று மூட்டையோடு பதினாறரைக் கிலோ கந்தகம் மண்ணுக்குப் போகிறது. ஏக்கருக்கான 24 கிலோ தழைச்சத்தையும் அம்மோனியம் சல்பேட்டாகவே கொடுத்தால் அதோடு இன்னும் 27 கிலோ சேரும். பயிர் கேட்பதை விட இது அதிகம். தொழுவுரம் தரும் கந்தகம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதே மணிச்சத்தை டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற டிஏபியில் கொடுத்தால் ஒரு மூட்டைக்குச் சற்று மேல் போதும், 52 கிலோ. தழைச்சத்து முழுவதையும் யூரியாவில் கொடுத்தாலும் ஒரு மூட்டைக்குச் சற்று மேல்தான். மூன்று மூட்டை சூப்பரைக் கடையிலிருந்து வண்டியில் ஏற்றி, வரப்போரம் இறக்கி, வயலெங்கும் வீசும் கூலியையும் நேரத்தையும் நினைத்துப் பார்த்தால், விவசாயி டிஏபி பக்கம் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெய்வேலியில் 1966இல் யூரியா ஆலை, மணலியில் 1971இல் சென்னை உர நிறுவனம், தூத்துக்குடியில் 1975இல் ஸ்பிக் என்று தமிழ்நாட்டிலேயே செறிவு மிகுந்த உரங்கள் வந்து குவிந்தன. அரசு மானியமும் யூரியாவுக்குத் தாராளமாக இருந்தது. யூரியாவிலும் டிஏபியிலும் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம்.

டிஏபி செய்யும்போதும் பாறைப் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில்தான் கரைக்கிறார்கள். உண்டாகும் ஜிப்சத்தை வடிகட்டி வெளியே எடுத்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலத்தை மட்டும் உரமாக்குகிறார்கள். முன்பு சூப்பர் மூட்டைக்குள்ளேயே வயலுக்குப் போய்ச் சேர்ந்த ஜிப்சம், இப்போது ஆலைக்கு வெளியே மலையாகக் குவிந்தது. தூத்துக்குடி அந்தக் குவியலைப் பார்த்த ஊர். தேவைப்பட்டவர் அதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடும் பழக்கம் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. வெங்காயத்துக்கு அப்படி ஒரு பழக்கம் வேர் பிடிக்கவில்லை.

கந்தகம் வரும் மற்ற வழிகளும் இதே காலத்தில் குறுகின. மாடுகள் குறைந்து தொழுவுரம் அருகியது. ஒரு பட்டம் பயிரிட்ட நிலத்தில் இரண்டு மூன்று பட்டம் வந்து, மண்ணிலிருந்து எடுப்பது கூடியது. ஐரோப்பாவில் வேறொரு விசித்திரம் நிகழ்ந்தது. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தக டையாக்சைடு மழையோடு இறங்கி அங்குள்ள வயல்களுக்கு இலவச உரமாக இருந்தது. அமில மழையைத் தடுக்கப் புகையைச் சுத்தம் செய்ததும் பயிர்களில் கந்தகக் குறை தலைகாட்டியது. பெரும் ஆலைகளுக்கு அருகில் இல்லாத இந்திய வயல்களுக்கு அந்த உரம் ஒருபோதும் பெரிதாகக் கிடைத்ததில்லை. 1980கள், 90களில் நாடெங்கும் எடுத்த மண் மாதிரிகளில் கந்தகக் குறைவு பரவலாகத் தெரிந்தது. எண்ணெய் வித்து, பயறு, வெங்காயம், பூண்டு பயிரிடும் நிலங்களில் அதன் விளைவு முதலில் புலப்பட்டது. இவை கந்தகத்தை அதிகம் எடுக்கும் பயிர்கள்.

வெங்காய வயலில் கந்தகக் குறையை அடையாளம் காண்பது எளிதன்று. இலை வெளிறினால் விவசாயி தழைச்சத்துக் குறை என நினைத்து யூரியா தூவுவார். தழைச்சத்து குறைந்தால் கீழே உள்ள பழைய தாள்கள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் நடுவில் கிளம்பும் புதுத்தாள் வெளிறும், ஏனெனில் செடியால் கந்தகத்தைப் பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகர்த்த முடியாது. இந்நிலையில் இடும் யூரியா நோயைக் கூட்டும். கந்தகம் இல்லாமல் புரதம் கட்ட முடியாது. உள்ளே வந்த தழைச்சத்து நைட்ரேட்டாகவும் அமைடாகவும் செடிக்குள் தேங்கும். தாள் பெருத்து, கழுத்துத் தடித்து, அறுவடைக்கு வந்தும் தாள் சாயாமல் நிற்கும். தடித்த கழுத்து சரியாகக் காய்ந்து மூடாது. அழுகல் கிருமிகள் உள்ளே போக அதுவே வாசல்.

இருப்புக் காலத்தில் வெங்காயம் மூன்று வழிகளில் வீணாகிறது: நீர் வற்றி எடை குறைவது, அழுகுவது, முளைப்பது. நாட்டு முறையில் நான்கைந்து மாதம் வைத்தால் இந்த மூன்றும் சேர்ந்து பாதிக்கு நெருங்கிய இழப்பைக்கூட உண்டாக்கும். இழப்பைக் குறைப்பதில் தமிழ்நாட்டுப் பட்டறை ஒரு நல்ல கண்டுபிடிப்பு. மேட்டு நிலத்தில் கல்லடுக்கித் தரையை உயர்த்தி, மேலே மூங்கில் பரப்பி, இருபுறமும் மூங்கில் தட்டி நிறுத்தி, நன்கு உலர்ந்த வெங்காயத்தை நிரப்பி, தென்னங்கீற்று வேய்கிறார்கள். பட்டறை நீளமாக இருக்கும், அகலம் குறைவு. காற்று ஒரு பக்கம் நுழைந்து குவியலின் நடுவைக் கடந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதற்காக இப்படி. கீழிருந்தும் காற்று ஏறும். மண்ணின் ஈரம் ஏறாது. ஆனால் பட்டறையால் வெளியிலிருந்து வரும் ஈரத்தையும் வெக்கையையும்தான் தடுக்க இயலும். காய் என்ன உடலோடு உள்ளே வந்தது என்பது வயலில் முடிவானது.

அந்த உடலில் கந்தகம் மூன்று வேலை செய்கிறது. தழைச்சத்தோடு சமநிலையில் இருந்தால் புரதமும் உலர்பொருளும் கூடி, காய் கெட்டியாகிறது. காயம்பட்ட இடத்தில் காவல் சேர்மங்கள் போதிய அளவு எழும். செடி காலத்தோடு முற்றிக் கழுத்து மெலிந்து மூடும். இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த வயல் சோதனைகளில், கந்தகம் குறைந்த மண்ணில் அதை இட்டபோது மகசூல் கூடியதோடு, இருப்பில் அழுகலும் எடைக் குறைவும் தணிந்தன. கந்தகம் ஏற்கெனவே போதுமாக இருந்த மண்ணில் இட்டபோது பயன் சொற்பம் அல்லது பூஜ்யம். இந்த இரண்டாவது முடிவைச் சேர்த்துச் சொல்லாத விளம்பரத்தை நம்பக் கூடாது.

காரமான காய் எல்லாம் தாங்கும் என்றோ கந்தகமே முழுக்காவல் என்றோ கொள்வதும் பிழை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜே. சி. வாக்கர் 1920களிலும் 30களிலும் நடத்திய ஆராய்ச்சி இதற்குச் சான்று. வெள்ளை வெங்காயத்தைத் தாக்கும் ஒரு கரும்புள்ளிப் பூஞ்சை, நிறமுள்ள வெங்காயத்தை ஏன் தொடுவதில்லை என்று அவர் தேடினார். நிறத் தோலின் உலர்ந்த சருகில் கேட்டிகால், புரோட்டோகேட்டிசூயிக் அமிலம் என்ற இரு ஃபீனால்கள் இருந்தன. ஈரம் பட்டதும் அவை கரைந்து பூஞ்சை வித்தை முளைக்கவிடாமல் தடுத்தன. இதில் கந்தகத்துக்கு இடமே இல்லை. சின்ன வெங்காயத்தின் சிவந்த சருகை உதிர்த்துவிடாமல் பட்டறையில் ஏற்றுவது எவ்வளவு சரியான பழக்கம் என்பதை இந்த ஆராய்ச்சி காட்டுகிறது. பட்டறையில் பெரும் நாசம் செய்யும் கருப்புப் பூஞ்சையோ, வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் காரத்தையும் மீறிப் பரவும். அறுவடைக்கு முந்தைய பத்து நாளிலும் தண்ணீர் கட்டினால், கடைசி வாரங்களில் யூரியா போட்டால், உலராத தாளை அறுத்தால், எந்த உரமும் அந்தக் காயைக் காப்பாற்றாது.

எவ்வளவு இடுவது என்ற கேள்விக்கு, மகாராஷ்டிரத்தின் ராஜகுருநகரில் இயங்கும் வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகம் மண்ணைப் பார்த்து விடை சொன்னது. மண்ணில் கிடைக்கும் கந்தகம் எக்டேருக்கு 25 கிலோவுக்கு மேல் இருந்தால் 15 கிலோ இட்டால் போதும். அதற்குக் கீழே இருந்தால் 30 கிலோ. ஏக்கருக்கு ஆறும் பன்னிரண்டும். அதாவது, சூப்பர் மூன்று மூட்டை அடியுரமாக இட்டுவந்த அந்தக் காலத்து வயலில் குறையுள்ள மண்ணுக்கும் போதிய கந்தகம் தானாகவே போய்க்கொண்டிருந்தது. டிஏபிக்கு மாறிய வயலில் அது கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

எந்த வடிவில் இடுகிறோம் என்பது எப்போது இட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. சூப்பரிலும் ஜிப்சத்திலும் அம்மோனியம் சல்பேட்டிலும் இருப்பது சல்பேட். வேர் உடனே எடுக்கும். கடைகளில் பெண்டோனைட் களிமண்ணோடு உருண்டையாக விற்கும் 90 விழுக்காட்டுக் கந்தகத்தை மண்ணின் பாக்டீரியாக்கள் சல்பேட்டாக மாற்றித் தந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா ஒன்றை 1922இல் வாக்ஸ்மனும் ஜோஃபியும் அமெரிக்காவில் பிரித்தெடுத்தனர். வாக்ஸ்மன் பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக நோபல் பெற்றவர். மாற்றம் நடக்க ஈரமும் வாரங்களும் வேண்டும். சின்ன வெங்காயம் எழுபது நாளிலிருந்து தொண்ணூறு நாளில் முடியும் பயிர். நட்டு ஒரு மாதம் கழித்து உருண்டைக் கந்தகம் போட்டால், அது கரைந்து வருவதற்குள் பயிர் பட்டறை ஏறிவிடும். கிணற்று நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட் மிகுந்த இடங்களில் பாசனமே உரமாகிவிடுகிறது. பெரம்பலூர் வட்டாரத்துக் காரை, ஊட்டத்தூர்க் களிமண் படிவங்களில் ஜிப்சம் நார் நாராகப் பாறைக்கிடையே ஓடுகிறது. அத்தகைய மண்ணையும் திண்டுக்கல்லின் மணற்பாங்கான செவ்வல் மண்ணையும் ஒரே பரிந்துரையால் நடத்துவது பொருந்தாது.

அரசின் பார்வையும் மெல்ல மாறியது. 2010 ஏப்ரலில் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகத்துக்கும் கிலோக் கணக்கில் மானியம் கிடைத்தது. 2023 ஜூலையில் கந்தகம் பூசிய யூரியா 'யூரியா கோல்டு' என்ற பெயரில் அறிமுகமானது; அதில் தழைச்சத்து 37 விழுக்காடு, கந்தகம் 17 விழுக்காடு. கந்தகம் வரும் இடமும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதியின்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எரிபொருளிலிருந்து பிரித்தெடுக்கும் கந்தகம் உரமாகி வயலுக்குப் போகிறது. சிசிலியின் சுரங்கத்திலிருந்து புறப்பட்ட பொருள் இன்று பெட்ரோலிய ஆலையின் கழிவாக வந்து சேர்கிறது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவுகள் பதிவாகின்றன. அவற்றில் ஒன்று கந்தகம். வெங்காயம் நடப்போர் அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு நின்றுவிடாமல் அந்த வரியையும் பார்க்க வேண்டும். பத்து லட்சத்தில் பத்து பங்குக்குக் கீழே இருந்தால் டிஏபி மூட்டைக்குப் பதிலாக ஏக்கருக்கு மூன்று மூட்டை சூப்பரை அடியுரமாக இடலாம். டிஏபிதான் வேண்டுமென்றால் கடைசி உழவில் ஜிப்சம் சேர்க்கலாம். அதற்கு மேலே இருந்தால் கந்தகத்துக்கென்று அதிகம் செலவிட வேண்டியதில்லை.